வேண்டுதலும் வேணும், மருந்தும் வேணும்



நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பிள்ளைக்குப் புற்றுநோய் என்றால் முதலில் மஞ்சள் துணியில் காசு முடிவார்கள். வைத்தீஸ்வரன்கோயில், வேளாங்கண்ணி, நாகூர் எல்லா இடத்துக்கும் வேண்டிக்கொள்வார்கள். சிலர் இதை மூடநம்பிக்கை என்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ரத்தப் புற்றுநோய்க்கு இரண்டு, மூன்று வருஷம் மருந்து தரணும். அத்தனை நாளும் மனசு உடையாமல் இருக்க அம்மா அப்பாவுக்கு ஒரு பிடிமானம் வேண்டாமா?

ஆனால் ஒன்று. சில மாசத்திலேயே பிள்ளை தெளிந்து விளையாட ஆரம்பிக்கும். "சாமி காப்பாத்திடுச்சு, இனிமே ஊசி எதுக்கு?" என்று நிறுத்திவிட்டால் ஆபத்து. உள்ளே ஒளிந்திருக்கும் நோய் திரும்ப வரும். பயிர் பச்சையா இருக்கேன்னு பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணியை நிறுத்துவோமா? நிறுத்தினால் பதர்தான் மிஞ்சும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923-இல் புற்றுநோயால் இறந்தார். அவர் அழுதுகொண்டே உட்கார்ந்துவிடவில்லை. முப்பது வருஷம் கழித்தும் மறக்காமல், 1954-இல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். விடாமல் செய்வதுதான் நம்பிக்கை.

நமக்கும் வேலை இருக்கு. இது ஒட்டுவாரொட்டி இல்லை. மருந்தால் கொட்டின முடி திரும்ப முளைக்கும், கேலி செய்யாதீங்க. நமக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் மட்டும் தள்ளி நிற்கணும். நம்மகிட்டேயிருந்து அவங்களுக்குத் தொத்திடும். விட்டுப்போன பாடத்தை எழுதிக் கொடுப்போம். பெஞ்சில் அவங்க இடத்தை வைத்திருப்போம்.

வேண்டுதலைச் செலுத்துவோம்! மருந்தையும் முடிப்போம்!

- ஒன்பதாம் வகுப்பு மாணவி