குடியுரிமை பெற்ற பொம்மை

2017 ஒக்டோபரில் றியாத் மாநாடொன்றில் சோபியா என்ற இயந்திரப் பெண்ணுக்குச் சவூதிக் குடியுரிமை அறிவிக்கப்பட்டது. நம்மவர்களிலும் சிலர் மெய்சிலிர்த்தார்கள். அதே நாட்டில்தான், கைக்குழந்தையொன்றின் மரணத்துக்காக மூதூர் றிஸானா நபீக் 2013 ஜனவரி 9இல் சிரச்சேதம் செய்யப்பட்டாள். 2005இல், வயதைக் கூட்டிய கடவுச்சீட்டோடு பணிப்பெண்ணாய்ப் போன சிறுமி அவள்.

இயந்திரத்துக்கும் உரிமை உண்டா என்று அறிஞர்கள் வாதிடுகிறார்கள். நான் கேட்பது வேறு. பொம்மையை மதிப்பது ஏன் இத்தனை இலகு? அது சம்பளம் கேட்காது. ஊர் போகவேண்டுமென்று அழாது.

வத்தேகமவில் என் வகுப்பிலும் உம்மா வளைகுடாவிலிருக்கும் பிள்ளைகள் உண்டு. உயிருள்ளவளின் கடவுச்சீட்டைப் பூட்டி வைத்துவிட்டு உயிரற்றதைப் பிரஜையாக்குவது பரிவல்ல, பாசாங்கு. வயதை மாற்றி அனுப்பிய நம் கைகளும் அதில் சுத்தமில்லை.