விதைக்கத் தடை, வாணலிக்கு அனுமதி!

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலையில் அடுப்புகள் அணைவதில்லை. மூட்டை தூக்கும் தோழர் முதல் மோட்டாரில் வந்திறங்கும் சீமான் வரை, அருவியில் குளித்த பசிக்குச் சிப்ஸும் பஜ்ஜியும் சுடச்சுட வாங்கித் தின்கின்றனர். வாணலியில் கொதிப்பது எந்த நாட்டு எண்ணெய்? தின்பவர்க்கும் தெரியாது, பொரிப்பவர்க்கும் தெரியாது! பாமாயிலாக இருக்கலாம், சோயாவாகவும் இருக்கலாம்.

ஆர்ஜென்டினாவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் கப்பல் கப்பலாக வரும் சோயா எண்ணெய், பெரும்பாலும் மரபணு மாற்றப்பட்ட சோயாவில் பிழிந்தது. களைக்கொல்லி தெளித்தால் களை மடியும், பயிர் மடியாது. அதற்காக ஒரு பாக்டீரியாவின் மரபணுவை அதிலே புகுத்தியிருக்கிறார்கள். 1996இல் அமெரிக்க வயல்களில் இறங்கிய பயிர் இது.

இந்தச் சோயாவை இந்திய மண்ணில் விதைக்க அனுமதி இல்லை. அதன் எண்ணெயை இறக்குமதி செய்யவோ 2007இலேயே அனுமதி தரப்பட்டது. 2021இல் கோழித் தீவன விலை ஏறியபோது, 12 லட்சம் டன் புண்ணாக்கும் வரலாம் என்று ஆகஸ்டில் மத்திய அரசு கதவைத் திறந்தது. எண்ணெய் எடுத்து அரைத்த புண்ணாக்கு முளைக்கவா போகிறது என்பது அன்று சொல்லப்பட்ட சமாதானம்.

விஞ்ஞானத்தைக் கண்டு மிரளும் கூட்டமல்ல நாம். விதைப்பது வேறு, உண்பது வேறு என்கிறார்கள்; ஒப்புக்கொள்வோம். சுத்திகரித்த எண்ணெயில் மரபணுவோ புரதமோ மிஞ்சுவது அரிது என்பதையும் அறிவோம். முட்டை மலிய வேண்டும் என்பதிலும் நமக்கு மாறுபாடில்லை. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு அதுதானே ஊட்டம்! நாம் கேட்பது ஒன்றே: அச்சப்பட ஏதுமில்லை என்றால் ஒளிப்பானேன்?

மரபணு மாற்றிய உணவுப் பொட்டலத்தின் மேற்புறத்தில் ‘ஜி.எம்.’ என்று அச்சிட வேண்டுமென ஒரு விதி 2013 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. தோழர்களே, இன்று மாலை உங்கள் தெரு மளிகைக் கடைக்குச் செல்லுங்கள். சோயா எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அந்த இரண்டெழுத்து கண்ணில் படுகிறதா?

நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. கடலையும் எள்ளும் விளைவிக்கும் நம் உழவனுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைத்தால், அயலான் எண்ணெய்க்கு இவ்வளவு தூரம் கையேந்தி நிற்போமா? அந்த விலையை உறுதி செய்வது அரசின் கடமை.

அதுவரையில் வருகிற எண்ணெய் பெயர் சொல்லிக்கொண்டு வரட்டும். காசு கொடுப்பவனுக்கு, வாங்குவது இன்னதென்று சொல்லக் கூடாதா? சொல்லட்டும், தமிழில் சொல்லட்டும். தின்பதா வேண்டாமா என்பதை உழைப்பாளியே முடிவு செய்துகொள்வான்!