முன் ஷாஃப்டைக் கழற்றிப் போடாதீர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பழைய ஜிப்சியோ மகேந்திரா ஜீப்போ வைத்திருப்பவர்கள் கடைசிவரை படியுங்கள். மற்றவர்கள் லைக் போட்டுவிட்டு நகரலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இந்த மழைக்காலத்தில் மூன்று வண்டிகளைக் குனிந்து பார்த்தேன். மூன்றும் ஃபோர் வீல் ட்ரைவ். மூன்றிலும் முன் பிரொப்பல்லர் ஷாஃப்ட் இல்லை! கேட்டால் ஒரே பதில்: "மெக்கானிக் அண்ணன் கழற்றிட்டார் சார். சத்தம் போச்சு, மைலேஜும் கிடைக்குமாம்." ஒரு ஷாஃப்ட் சாக்குப்பையில், ஒன்று மாட்டுக்கொட்டகையில், மூன்றாவது பழைய இரும்புக் கடைக்கே போய்விட்டது. மூவரும் என்னிடம் இயற்பியல் படித்தவர்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

முதலில் மைலேஜ் கதை. முன் சக்கரத்தில் திருகி விடுவிக்கும் ஹப் இருக்கிற வண்டியில், அதை ஃப்ரீயில் வைத்து லீவரை டூ வீலில் போட்டால் முன் ஷாஃப்ட் சுற்றவே சுற்றாது. சும்மா நிற்கும் ஷாஃப்டைக் கழற்றி என்ன பெட்ரோல் மிச்சம்? அந்த ஹப் இல்லாத வண்டியில் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும், உண்மைதான். அதற்கு ஹப் மாற்றலாம். அதற்கு முன்னால் டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று பார்க்கலாம். இரண்டையும் பார்க்காமல் நேரே ஷாஃப்டில் கைவைப்பது என்ன வைத்தியம்?

அடுத்து சத்தம். புகார் சொன்னவனை வெளியே அனுப்பிவிட்டு வகுப்பு அமைதியாகிவிட்டது என்று சொல்வதுபோல் இருக்கிறது இது. அந்த ஷாஃப்ட் ஏன் அதிர்ந்தது?

11ஆம் வகுப்பில் சொன்னதை நினைவுபடுத்துகிறேன். யு.ஜே. கிராஸ் என்று நீங்கள் சொல்லும் மூட்டுக்கு ராபர்ட் ஹூக் பெயர் உண்டு, 17ஆம் நூற்றாண்டு மனிதர். சாய்வில் ஓடும்போது அந்த மூட்டு சீராகச் சுற்றாது. உள்ளே 1000 சுற்று சீராகக் கொடுத்தாலும், 20 டிகிரி சாய்வில் வெளியே வரும் வேகம் 940க்கும் 1064க்கும் நடுவே ஊசலாடும், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை. அதனால்தான் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு மூட்டு. ஒன்று செய்யும் கோளாறை மற்றது சரிசெய்யும். எப்போது? ஷாஃப்டின் மேல் இருக்கும் இரண்டு கவைகளும் ஒரே தளத்தில் இருந்தால், இருபக்கச் சாய்வும் சமமாக இருந்தால்.

நடுவே நீளும், குறுகும் பல் இணைப்பு இருக்கிறதல்லவா? கிரீஸ் போடக் கழற்றியவர் குறி வைக்காமல் இழுத்துவிட்டு, எந்தப் பல்லில் நுழைந்ததோ அந்தப் பல்லில் தள்ளிவிடுகிறார். கவைகள் கோணிக்கொள்கின்றன, வண்டி உதறுகிறது. உடனே தீர்ப்பு: "ஷாஃப்டே வேண்டாம்."

திரும்ப மாட்டுவது பெரிய வித்தை இல்லை. ஜாக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வையுங்கள், பின் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். கிராஸைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆட்டமோ, சிக்கிச் சிக்கித் திரும்புவதோ இருந்தால் புதுசு. பழைய குறி இருந்தால் அதன்படி, இல்லையென்றால் தரையில் கிடத்தி இரண்டு கவைகளையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவந்து பல்லைச் சேருங்கள். ஃபிளாஞ்சு முகத்தைத் துருவும் மண்ணும் போகத் துடையுங்கள். ஒரு முனையை மாட்டிவிட்டு மறுமுனையைத் தொங்கவிடாதீர்கள், கயிற்றால் கட்டுங்கள். நட்டுகளை முதலில் கையால், பிறகு எதிரெதிராக, கடைசியில் டார்க் ரெஞ்சில் வண்டியின் புத்தகம் சொல்லும் அளவுக்கு. 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை. லாக் வாஷரும் நட்டும் புதுசாக வாங்குங்கள். ஒரு டீ, வடை காசுக்குக் கஞ்சப்படாதீர்கள். ஓடும்போது முன் ஆக்சில் பக்கத்து முனை கழன்றால் அது தார் ரோட்டில் முன்னோக்கிக் குத்தும். அதற்குப் பிறகு ஸ்டியரிங் உங்கள் கையில் இல்லை.

மெக்கானிக்கை மட்டும் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. "எப்ப வண்டி தருவே?" என்று நாலு தடவை போன் செய்கிற நாம், "குறி போட்டியா?" என்று ஒரு தடவை கேட்டோமா? நெய்வேலியில் பிறந்த பிள்ளைகள் இப்படி இருக்கலாமா? சுரங்கத்தில் வேலை பார்த்த உங்கள் அப்பாக்களைக் கேளுங்கள். சத்தம் வருகிறது என்று கன்வேயரின் ஒரு உருளையைக் கழற்றி வீசிவிட்டு ஷிஃப்ட் முடித்திருக்கிறார்களா? மழை பெய்த சுரங்கத்துச் சேற்றில் முன் சக்கரம் இழுக்காத ஜீப்பை அவர்கள் எதற்கு வைத்துக்கொள்வார்கள்?

"நான் வடலூர், பண்ருட்டி தார் ரோட்டில்தானே ஓட்டுகிறேன்" என்கிறான் ஒருவன். நியாயம்தான். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடவே கூடாது, பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். ஆனால் விற்கும்போது "4x4" என்று விளம்பரம் போடுவாயே, வாங்குகிறவன் முந்திரித் தோப்பு மணலில் குடும்பத்தோடு சிக்கி லீவரை இழுத்துப் பார்ப்பானே, அவனுக்கு என்ன பதில்? பொதுமக்களுக்கான ஜிப்சி விற்பனை 2019இல் நின்றுவிட்டது. நல்ல பழைய ஷாஃப்டை எடைக்குப் போட்டால் இன்னொன்றுக்கு எங்கெங்கோ அலையவேண்டும்.

மாட்டி முடித்தவர்கள் கமெண்டில் படம் போடுங்கள். இரண்டு கவைகளும் தெரியும்படி பக்கவாட்டில் எடுக்கவும். போன வாரம் ஒருவன் தன் முகம் மட்டும் தெரியும்படி அனுப்பியிருந்தான்.