விலைபோகும் விலாசங்கள்

அயலான் வளவில் அவன் அறியாமல் தேங்காய் பறித்துச் சந்தையில் விற்பவனை நாம் கள்வன் என்கிறோம். ஒருவருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் அவர் அறியாமற் சேர்த்து விற்பவனை மட்டும் வணிகன் என மதிப்பது எந்த நீதி?

பொருள் வாங்கக்கூடியவர் யாவரெனப் பட்டியல் தொகுத்து விற்பனையாளருக்கு விற்கும் கம்பனிகள் இன்று உலகெங்கும் உள. பிரான்சு நாட்டின் 'காஸ்பர்' அவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 16 கோடிப் பேரின் விபரங்களை அது திரட்டியிருந்தது. லிங்க்ட்இன் தளத்தில் தம் விபரங்களைப் பிறர் காணாவண்ணம் மறைத்தவர்களையும் அது விடவில்லை. உரியவர்களுக்கு நான்கு ஆண்டு கழித்தே, அதுவும் ஆங்கிலத்தில் மட்டுமே அறிவித்தது. 2024 டிசம்பரில் அந்நாட்டுத் தரவுக் காப்பு ஆணையம் 240,000 யூரோ தண்டம் விதித்தது.

இத்தகைய பட்டியல்கள் பிழையற்றவையுமல்ல. உத்தியோகம் மாறியவர், ஓய்வுபெற்றவர், மாண்டவர் பெயர்களும் அவற்றிற் கிடக்கும். வாங்கியவனுக்குப் பண நட்டம். பிழையாகப் பதியப்பட்டவருக்கோ தீராத் தொல்லை. திருத்தக் கேட்போமெனின், தம் பெயர் எவரிடம் உளதென்றே அவர் அறியார்.

இலங்கை நாடாளுமன்றமும் தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022 இல் 9 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. எவர் பெயரைப் பட்டியலிற் சேர்த்தாலும் அவருக்கு அறிவித்தல் வேண்டும். திருத்தவோ நீக்கவோ கேட்டால் மறுத்தலாகாது. மீறுவோர் தண்டம் இறுத்தல் வேண்டும். வைத்தியராயினும் கமக்காரராயினும் அவருக்கு வரும் அறிவித்தல் அவர்தம் மொழியில் வருதல் வேண்டும். விளங்காத மொழியில் வருவது அறிவித்தலன்று, கண்துடைப்பே!