சிக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா?

போன செமஸ்டர் லீவில், சீனியர்கள் விட்டுப் போன ஒரு பழைய வலைத்தளத்தைச் சுத்தம் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. கிராமங்களில் பதிவு செய்த தாலாட்டும் ஒப்பாரியும் எம்பி3 கோப்புகளாகக் கிடந்தன. சர்வரில் இடமில்லை. எந்தப் பக்கமும் பயன்படுத்தாத கோப்புகளைத் தூக்கிவிடலாம் என்று முடிவு.

"எஸ்ஆர்சி, சமக்குறி, மேற்கோள்குறி, நடுவில் எதுவானாலும், கடைசியில் எம்பி3" என்று தேட ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதினேன். பட்டியலில் வராததையெல்லாம் அழித்தேன். அஞ்சே நிமிஷம். பெருமை வேறு :-)

மறுநாள் பாதிப் பாட்டு பாடவில்லை.

"எதுவானாலும்" என்பதற்கு நான் போட்டது .* என்ற பேராசைக்காரன். ஒரே வரியில் இரண்டு பாட்டு இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே பெயராக விழுங்கிவிடும். .*? போட்டிருக்கலாம், "மேற்கோள்குறி அல்லாத எதுவும்" என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. அடுத்தது தமிழ்ப் பெயர்கள். டிஸ்கில் 'தாலாட்டு' என்றே இருக்கும் கோப்பு, பக்கத்தின் முகவரியில் சதவீதக்குறிகளாக மாறியிருந்தது. யூடிஎஃப்-8ல் 'தா' என்பது த, துணைக்கால் என இரண்டு குறியீடு, குறியீட்டுக்கு மூன்று பைட், பைட்டுக்கு மூன்று எழுத்து. ஆக 'தா'வுக்கு மட்டும் 18 எழுத்து! இரண்டையும் ஒப்பிட்டால் எப்படிப் பொருந்தும்? கடைசியாக, சில பக்கங்களில் ஜாவாஸ்கிரிப்ட் 'ஒப்பாரி'யோடு ஒரு எண்ணை ஒட்டிக் கோப்புப் பெயரை உருவாக்கியது. முழுப் பெயர் எங்குமே எழுதப்படவில்லை.

"ஹெச்டிஎம்எல்லை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் பார்ஸ் செய்யாதே" என்று 2009ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் வந்த பதிலை வேதவாக்கு மாதிரி நீட்டுகிறார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய டேக்குகளைப் பிரிக்க அது சரி. கோப்புப் பெயர் தேட அடுக்கு எதற்கு? பார்சர் போட்டிருந்தால் முதல் பிழை வந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஒப்பாரியை அதுவும் பிடித்திருக்காது.

என்னைக் கேட்டால், தேடுவதற்கு ரெகுலர் எக்ஸ்பிரஷன் தாராளமாகப் போதும். அதை நம்பி அழித்ததுதான் தப்பு. சர்வர் லாகில் யாராவது அந்தக் கோப்பைக் கேட்டிருக்கிறார்களா என்று பார்த்து, வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி, ஒரு மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

தாலாட்டுகள் ஒரு சீனியரின் பழைய ஹார்டு டிஸ்கில் கிடைத்துவிட்டன. ஒப்பாரிகள் இன்னும் கிடைக்கவில்லை. பாடிய பாட்டிகளில் ஒருவர் இப்போது இல்லை. அந்த டீமில் இருந்த யாராவது இதைப் படித்தால், பழைய சிடிக்களை ஒருமுறை புரட்டிப் பாருங்களேன்.