யாருக்குப் பக்கவிளைவு?

'பக்கவிளைவு' என்ற சொல்லோடு நமக்கொரு தீராத வழக்கு இருக்கிறது. எவர் பக்கத்திலிருந்து பார்த்துச் சூட்டிய பெயர் அது? மருத்துவருக்கு அது பக்கம். நோயாளிக்கோ அதுவே அன்றாடம்.

நாட்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோய்க்கு 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. மரண ஓலையாக இருந்த நோய் மாத்திரையால் கட்டுக்குள் நிற்கும் நோயாயிற்று. அம்மருந்தின் படிக வடிவம் ஒன்றுக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னை அலுவலகம் 2006இல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. மலிவு மருந்து பிழைத்ததென்று கொண்டாடினோம். அத்தோடு நம் கடமை முடிந்ததென்றும் எண்ணிக்கொண்டோம்.

விழுங்குபவரின் பாட்டை நாம் கேட்கவில்லை. காலையில் வீங்கிய இமைகள், கெண்டைக்காலை முறுக்கும் தசைப்பிடிப்பு, குமட்டல், ஓயாத அசதி. வாய்திறந்தால் 'உயிர் பிழைத்ததே பெரிது' என்று அடக்குகிறோம். அவர் சொல்வதை நிறுத்துகிறார். பிறகு யாருமறியாமல் மாத்திரையையும் நிறுத்துகிறார். அடங்கியிருந்த நோய் மீண்டும் தலையெடுக்க அது போதும்.

இத்தனைக்கும் வழிகள் உள்ளன. உணவோடும் பெரிய குவளைத் தண்ணீரோடும் விழுங்கினால் குமட்டல் தணியும். தாளாதபோது அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ மருத்துவரால் இயலும். ஆனால் அவர் காதுகொடுத்தாக வேண்டுமே!

நம் கதைகளும் இதில் உடந்தை. அவற்றில் இரத்தப் புற்றுநோய் கண்ட நாயகி அழகாகச் சாகிறாள். பிழைத்தெழுந்து, பிடித்த காலோடு ரேஷன் வரிசையில் நிற்பவளை நாம் எழுதுவதில்லை. அவள் முறையிடுவதை நன்றிகேடு என்பவர்கள் ஒரு வாரம் அந்தக் காலோடு நின்று பார்க்கட்டும்.