வெட்கமா, வைத்தியமா?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரும் வழியில், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைத் தாண்டித்தான் தினமும் கல்லூரிக்கு வருகிறேன். ஆயினும் என் தாயாரை அங்கே அழைத்துச் செல்ல ஓராண்டு பிடித்தது. மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலே கவனிக்க வேண்டும். அம்மாவுக்கோ பத்து நாள்! "பொம்பளையாப் பொறந்தா பட்டுத்தான் ஆவணும்" என்பார். விலங்கியல் படிக்கும் நானும் வாய்மூடி இருந்தேன்.

அண்டை வீட்டாரின் யோசனை வேறு: "கர்ப்பப்பையை எடுத்துடு." கடைசியாக யோசிக்க வேண்டியதை முதலில் சொல்லும் வழக்கம் நம்முடையது!

இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான். 12 இருக்க வேண்டும். தைராய்டு சோதனை, ஸ்கேன் ஆனபின், இரும்புச்சத்து மாத்திரையும், போக்கு அதிகமான நாட்களுக்கு மட்டும் டிரனெக்சாமிக் அமில மாத்திரையும் தந்தார்கள். இதில் குறையாவிட்டால் ஹார்மோன் மாத்திரை, கருப்பையில் வைக்கும் ஹார்மோன் சாதனம் என்று வழிகள் இன்னும் உண்டாம். அந்த அமிலத்தை 1962-இல் கணவருடன் சேர்ந்து கண்டறிந்தவர் ஜப்பானியப் பெண்மணி உடாகோ ஒகாமோட்டோ. மகளை முதுகில் சுமந்தபடியே ஆய்வு செய்தவர். நாமோ விடுப்புக் கடிதத்தில் இன்னமும் "தலைவலி" என்றே எழுதுகிறோம், தோழியரே!

அடுத்த மாதம் மறுபரிசோதனை. அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.